தணிகாசலம் சாரின் கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை

செய்தி வந்தபோது நான் நைனாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கையெல்லாம் சாம்பாராக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். நாகராஜு சார் பேசினார். நம் கல்லூரியில் எலெக்ட்ரிகல் எடுப்பவர். தெலுங்குக்காரர் என்றாலும் என்னோடு தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். "தேவி, இன்னிக்கி தணிகாசலம் சார் காரு ராது" என்றார். நான் வழக்கமான வாய்க்கொழுப்போடு, "இன்னா சார், இன்னிக்கும் எடுக்கலயா? பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடச் சொல்லுங்க" என்றேன். அவர், "காரு இல்லமா. சார் போயிட்டாரு. ராத்திரி தூக்கத்துலயே" என்றார்.

ஒரு நல்ல மனிதர் செத்துப்போன செய்திக்கு நான் கொடுத்த முதல் பதில் அதுதான். ஸ்பீக்கரில் இருந்ததால் நைனாவும் கேட்டுவிட்டார். வாயிலிருந்த இட்லியை விழுங்காமல் என்னையே பார்த்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நாகராஜு சார் இதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். நானே சொல்லிவிடுகிறேன். இந்த நினைவு மலரில் நான் எழுதப்போவது எல்லாமே இந்த மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தணிகாசலம் சாரைத் தெரியாதவர்கள் நம்மிடையே யாருமில்லை. கணக்குப் பாடம். சித்தூரிலிருந்து தினமும் திருப்பதிக்கு வந்துபோனவர். கோடு போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் சாக்பீஸ் தூள். தப்பாகக் கணக்குப் போட்ட பையனை எந்த வாத்தியாராவது திட்டினால் நடுவில் புகுந்து, "கணக்கத்தான சார் அடிக்கணும், பையன எதுக்கு அடிக்கிறீங்க?" என்பார். ஆனால் அவரை விடப் பிரபலம் அவருடைய கார். முதலாம் ஆண்டு பிள்ளைகளை விட வயதில் மூத்த வெள்ளைப் பெட்ரோல் கார். காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது. அதில் அவரோடு வந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்: நாகராஜு சார், கெமிஸ்ட்ரி ஹேமலதா மேடம், கம்ப்யூட்டர் லேபில் ஒப்பந்த வேலை பார்க்கும் நான். அந்தக் கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்குக் கல்லூரியில் ஆளுக்கொரு காரணம் உண்டு. பேட்டரி என்றார்கள், கார்புரேட்டர் என்றார்கள், பெட்ரோலில் தண்ணீர் என்றார்கள், சனி திசை என்றுகூடச் சொன்னார்கள். உண்மைக் காரணம் எனக்கு அவருடைய சாவு வீட்டில்தான் தெரிந்தது.

அன்று அவருடைய சந்துக்குள் சவம் ஏற்ற வந்த வைகுண்ட ரதம் நுழைய முடியவில்லை. சந்து முனையில் அவருடைய கார்தான் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. "வண்டிய நகர்த்தணும்" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். "அதி ஸ்டார்ட் ஆகாது, தள்ளணும்" என்று சொல்லிக்கொண்டே நாகராஜு சார் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பின்னால் போனார். ஹேமலதா மேடமும் நானும் பழக்க தோஷத்தில் டிக்கியில் கை வைத்தோம். அதற்குள் சாருடைய மச்சினர், அதாவது சாரின் மனைவி கஸ்தூரி அம்மாவின் தம்பி, சாவியோடு வந்தார். எங்களைப் பார்த்து, "எதுக்கு சார் தள்றீங்க?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். உள்ளே உட்கார்ந்து, குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டார். 'டிக்' என்று ஒரு சத்தம். சாவியைத் திருப்பினார். ஒரே செல்ஃபில் வண்டி எடுத்துக்கொண்டது.

எங்கள் கை இன்னும் டிக்கியிலேயே இருந்தது. நாகராஜு சார் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "இதி ஏமி? சீட்டு கீழ இன்னா?" என்றார். "கட் ஆஃப் சுவிட்சு சார். திருட்டுப் போவக் கூடாதுன்னு மாமா வச்சது. இத போடலன்னா செல்ஃப் சுத்தும், இஞ்சினு புடிக்காது. போட்டாக்க ஒரே செல்ஃபு." "எப்பத்துலேர்ந்து?" "வண்டி வாங்கினதுலேர்ந்து கீது சார். இந்த வண்டி ஒரு நாளும் மக்கர் பண்ணதில்லயே. ஞாயித்துக்கெழமன்னா மாமா இதோடதான் பொழுதப் போக்குவாரு." நாகராஜு சார் எலெக்ட்ரிகலில் எம்.டெக். தலையில் கை வைத்துக்கொண்டு எதிர் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். எதற்காக சார் இப்படிச் செய்தார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. சாவு வீட்டில் அதற்கு மேல் யாரைக் கேட்பது?

நான் உள்ளே போனேன். கஸ்தூரி அம்மாவை அதற்கு முன் நான் நேரில் பார்த்ததில்லை. அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "பங்காருபாளையத்துப் பொண்ணு நீதான?" என்றார். தலையாட்டினேன். "உங்க நைனா எப்டி கீறாரு? இப்பவாவது தானா துன்றாரா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு ஒரு நைனா இருக்கிறார், அவர் படுக்கையில் இருக்கிறார் என்று கல்லூரியில் ஒரு ஈ காக்கைக்குக்கூட நான் சொன்னதில்லை.

இதற்கு மேல் எழுத வேண்டுமானால் என் வீட்டைப் பற்றி எழுதியாக வேண்டும். அதை மறைப்பதற்குத்தான் இத்தனை வருஷம் மல்லுக்கட்டினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர் பங்காருபாளையம் என்றதும் ஹேமலதா மேடம், "அட, அப்ப மாந்தோப்பு இருக்குமே?" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டின தலையைத் திருப்பி எடுக்க முடியவில்லை. எங்களுக்கு ஒரு மாமரம்கூடக் கிடையாது. தாத்தா காலத்தில்கூடச் சொந்தமாக ஒரு அடி நிலம் இருந்ததில்லை. இப்போது குத்தகைக்குக் கொஞ்சம் நிலக்கடலை போடுகிறோம், மீதி கூலி வேலை. மாம்பழ சீசனில் அம்மாவுக்குப் பழக்கூழ் பாக்டரியில் ராத்திரி ஷிப்ட். சீசன் இல்லாதபோது விடிவதற்குள் மாட்டுப் பண்ணைக்குப் பால் கறக்கப் போய்விடுவாள். எப்படியானாலும் ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். மாங்காய்ப் பால் பட்டு அவள் விரல்களில் தோல் உரிந்திருக்கும். அந்தக் கையோடு அவள் ஒரு நாள் கல்லூரிக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் எனக்குப் பயம். சீ, எழுதும்போதே கூசுகிறது.

அம்மா வரும்வரை நைனாவுக்கு நான்தான். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. துணி மாற்றி, உடம்பு துடைத்து, காலைச் சாப்பாடு ஊட்டிவிட்டுக் கிளம்புவேன். மற்றதெல்லாம் கடகடவென்று செய்துவிடலாம், சாப்பாட்டை மட்டும் அவசரப்படுத்த முடியாது. தொண்டையில் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு தடவை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக ஊட்டினேன். புரையேறி, முகம் கறுத்து, கண் செருகிவிட்டது. அதன் பிறகு எத்தனை நேரமானாலும் வாய் காலியானால்தான் அடுத்த வாய். எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துச் சித்தூரில் கார் நிற்கும் முனைக்கு நான் வந்து சேரும்போது ஏழரை தாண்டிவிடும். காரை விட்டால் எனக்குக் கதி இல்லை. பஸ்ஸில் போனால் கல்லூரி வாசலில் முகத்தைக் காட்டி வருகை பதிகிற மெஷின் என்னைத் தாமதம் என்று எழுதிவிடும். தாமதம் சேரச் சேர அடுத்த வருஷ ஒப்பந்தம் ஆட்டம் கண்டுவிடும். எங்கள் வீட்டில் மாதாமாதம் வருகிற ஒரே சம்பளம் என்னுடையதுதான்.

ஆரம்பத்தில் மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நாகராஜு சாருக்கு அது பிடிக்கவில்லை. நியாயம்தான். வழியில் பாகாலா தாண்டி ஒரு கடையில் நிறுத்தி டீ குடிப்பது அவர்களுக்கு வழக்கம். நான் தாமதமானால் டீ போச்சு. "ரோஜூ பஸ் லேட்டா? ஒக்க மனிஷிக்காக மூணு பேரு நிக்கணுமா?" என்று என் காதுபடவே கேட்டார். ஹேமலதா மேடம், "தோப்பு வீட்டுப் பொண்ணு, மெதுவா எழுந்திருக்கும்" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். ஏழரைக்குக் கார் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது என்று நாகராஜு சார் சட்டம் போட்டார்.

அதன் பிறகு நடந்ததைக் கஸ்தூரி அம்மாதான் சொன்னார். சுற்றிலும் சாவுச் சத்தம். என் காதருகே குனிந்து அடிக்குரலில் சொன்னார். "ஒரு ஞாயித்துக்கெழம, மகளுக்கு அனுப்ப பழம் வாங்கணும், நம்ம தேவி தோப்பு கீதே, அங்கியே போய் வாங்கியாறேன்னு கெளம்பினாருமா. ஊர்ல விசாரிச்சாக்க, அவங்களுக்கு ஏது தோப்பு, அதோ அந்த ஊடுன்னு கையக் காட்டினாங்களாம். நீ வாசல்ல நாற்காலி போட்டு உங்க நைனாவுக்கு ஊட்டிக்கினு இருந்தியாம். நீ பாக்கறதுக்குள்ள வண்டியத் திருப்பிக்கினு வந்துட்டாரு. பழமும் வாங்கல ஒண்ணும் வாங்கல. ஊட்டுக்கு வந்ததும் சொன்னாரு. அந்தப் பொண்ணுக்கு பஸ் லேட்டு இல்ல கஸ்தூரி, அவங்க நைனாவுக்கு சோறு எறங்கற நேரம் அது, அப்டின்னாரு."

"மத்தவங்ககிட்ட சொல்லிட வேண்டிதானன்னு நான் கேட்டேன்" என்று தொடர்ந்தார். "அது அவ சொல்ல வேண்டியது, நான் சொன்னா அவ தலைய குனிஞ்சிக்குவான்னாரு. மறுநாள்லேர்ந்து வண்டி எடுக்காம போச்சு. ஊட்ல எடுக்கும், முனையில எடுக்காது. நீ வந்தாத்தான் எடுக்கும்." இதைச் சொல்லும்போது கஸ்தூரி அம்மாவின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்துவிட்டது. "இன்னாமா, உனக்கு நெஜமாவே தெரியாதா?" என்றார். அந்த வீட்டில் அழுவதற்குக்கூட எனக்கு என்ன யோக்கியதை என்றுதான் தோன்றியது.

இப்போது நான் நினைத்துப் பார்க்கிற ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரிகிறது. நான் மூச்சிரைக்க ஓடிவருவேன். பானெட் திறந்திருக்கும். நாகராஜு சார் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார். அப்பாடா, இன்றும் வண்டி கெட்டது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டதோடு விட்டேனா? "இன்னா சார், இன்னிக்கும் ஐயா எழுந்திரிக்கலயா? தாலாட்டு பாடினது போதும், எழுப்புங்க" என்று நான்தான் முதல் ஆளாக ஆரம்பிப்பேன். நான் தாமதமானதை யாரும் கவனிக்கக் கூடாது அல்லவா, அதற்காகக் காரைக் கேலி செய்வேன். சார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிப்பார். என் கேலி அதிகமாகி நாகராஜு சாரும் சேர்ந்துகொண்டால், "வண்டிய எவ்ளோ வேணா திட்டுங்க, அதுக்கு வலிக்காது" என்பார். வலிக்கிறவர் அங்கே ஒருவர் இருந்தாரே என்று இப்போதுதான் உறைக்கிறது.

நாகராஜு சார் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். அவர் முறையாகத்தான் தேடினார். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, அதனால் பேட்டரி இல்லை. பெட்ரோல் வாசனை வருகிறது, அதனால் பம்ப்பும் இல்லை. ஒரு நாள் பிளக் ஒயரைக் கழற்றி இஞ்சின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சாரை செல்ஃப் அடிக்கச் சொன்னார். பொறி வரவில்லை. "தொரிகிந்தி, கெடச்சிடுச்சு! காயில் போயிந்தி" என்று கத்தினார். அன்றைக்கே புதுக் காயில் வாங்கிப் போட்டார்கள். மறுநாள் காலை மறுபடியும் எடுக்கவில்லை. நாகராஜு சார் வேர்த்து வழிந்து ஒயரைத் தொட்ட நேரத்தில் நான் ஓடிவந்து சேர்ந்தேன். சட்டென்று பொறி பறந்தது. "பாத்தீங்களா, நான் கை வச்சேன், வந்திடுச்சு!" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "உங்க கைராசி சார், உங்க கைராசி" என்றார் தணிகாசலம் சார். நாகராஜு சார் வகுப்பில் பிள்ளைகளுக்கும் அந்தக் கதையைச் சொன்னார். சார், இதைப் படிக்கும்போது என் மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் தேடியதில் தப்பே இல்லை. காரில் இல்லாததைக் காரில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? தாமதமாக வந்துகொண்டிருந்தவள் நான்.

ஹேமலதா மேடம் இதற்கெல்லாம் சாமிதான் வழி என்று முடிவு கட்டினார். ஓர் இரண்டாம் சனிக்கிழமை, கல்லூரி விடுமுறை, எல்லாரும் அந்தக் காரிலேயே காணிப்பாக்கம் போனோம். புது வண்டிகள் வரிசையாகப் பூஜைக்கு நிற்கிற இடத்தில் நம் கிழட்டு வண்டியும் மாலை போட்டுக்கொண்டு நின்றது. அந்தக் கோயிலைப் பற்றி நம் ஜில்லாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வரப்புத் தகராறோ திருட்டுப் பழியோ, யார் சொல்வது உண்மை என்று தீரவில்லையென்றால் இங்கே குளத்தில் முழுகிவிட்டு விநாயகர் முன்னால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்க்காரன் குளத்துப் படி வரை வந்து அங்கேயே ஒப்புக்கொண்டுவிடுவான். அந்தச் சாமி முன்னால் பொய் சொல்ல எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது.

அர்ச்சகர் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "ஸ்டார்ட் சேயண்டி" என்றார். சார் ஏறவில்லை. "நாகராஜு சார், நீங்க எடுங்களேன்" என்றார். "அதெலா? ஓனர்தான் எடுக்கணும்" என்று எல்லாருமாக அவரைப் பிடித்து உட்கார வைத்தோம். அவர் கோபுரத்தை ஒரு பார்வை பார்த்தார். குனிந்தார். வேட்டியைச் சரிசெய்கிறார் என்று நினைத்தோம். ஒரே செல்ஃபில் கார் உறுமியது. ஹேமலதா மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர். நான் கைதட்டினேன். சார் மட்டும் என்னவோ மாட்டிக்கொண்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை நான் ஓடிவந்தபோது பானெட் திறந்திருந்தது. ஹேமலதா மேடம் முகம் தொங்கிப்போயிருந்தது. நான் விடுவேனா? "இன்னா சார், சாமி வாரண்ட்டி ரெண்டே நாளுதானா?" என்றேன். சார் சொன்னார்: "அங்க சாமி பாத்துக்கினு இருந்தாரு. இங்க நாம மட்டுந்தானமா கீறோம்." நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த மனிதர் உண்மையை அப்படியே எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். நாங்கள் அதை ஜோக் என்று நினைத்துக் கல்லூரி முழுக்கப் பரப்பினோம்.

பிறகு நாகராஜு சார் புதுக் கார் வாங்கினார். ஏசி. மூன்று பேரும் அதற்கு மாறினோம். நானும்தான். சாரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட இல்லை. ஹேமலதா மேடம் சொல்லிக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். முதல் நாள் எப்படியோ பிடித்துவிட்டேன். மறுநாள் நைனாவுக்குப் புரையேறியது, கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நான் முனைக்கு வந்தபோது புதுக் கார் போய்விட்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், நாங்கள் வழக்கமாக ஏறும் வேப்பமரத்தடியில் வெள்ளைக் கார். பானெட் திறந்திருக்கிறது. சார் தனியாக நிற்கிறார். "இன்னா சார், இன்னிக்கும் எடுக்கலயா?" "எங்கமா, அடம் புடிக்குது" என்றபடி பானெட்டை மூடினார். நான் ஏறியதும் எடுத்தது. காரில் வேறு யாருமில்லை. யாருக்காகவும் நடிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, என் ஒருத்திக்காகத் தவிர. மரமண்டை எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? திருப்பதி வரும் வரைக்கும், இந்த வண்டியை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தேன். அவரும், "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். அதன் பிறகு நான் புதுக் காருக்குப் போகவில்லை. நாகராஜு சாரின் வேகம் ஒத்துக்கொள்ளாமல் ஹேமலதா மேடமும் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். கார் மறுபடியும் வழக்கம்போல மக்கர் செய்தது.

இன்னொன்று. ஒவ்வொரு சீசனிலும் மண்டியில் பழம் வாங்கி, தினசரித் தாளில் சுற்றி, எங்கள் தோப்புப் பழம் என்று மூன்று பேருக்கும் கொடுப்பேன். தோப்பே இல்லை என்று தெரிந்த பிறகும் சார் அதை வாங்கிக்கொண்டார். முகர்ந்து பார்த்து, "உங்க தோப்புப் பழமே தனிதாம்மா" என்றார். ஒருமுறைகூட அவர் கண்ணில் ஒரு மின்னல், உதட்டில் ஒரு சுழிப்பு நான் பார்த்ததில்லை. அந்தப் பழத்தை அவர் என்ன மனதோடு தின்றிருப்பார் என்று நினைத்தால் எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருக்கிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நம் கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். திரையில் சார் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும் போட்டோ. பேசியவர்கள் எல்லாரும் காரைப் பற்றித்தான் பேசினார்கள், பாசத்தோடுதான். நாகராஜு சார் மட்டும், "கார்ல ஒண்ணும் ஃபால்ட் லேது. எதுக்கு சார் அப்டி செஞ்சாரோ, ஆ தேவுடுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். எதற்கென்று தெரிந்த ஒரே ஆள், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் வீட்டில், என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஹேமலதா மேடம், பின்னால் என்னை அக்கா என்று கூப்பிடும் பிள்ளைகள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்தக் கார் கதை பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, சாமி வாரண்ட்டி ஜோக்கைச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் மேடையிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தேன். அவர் உயிரோடு இருந்தபோது செய்ததாவது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது.

அதனால்தான் இப்போது எழுதிக் கொடுக்கிறேன். என் அம்மா பழக்கூழ் பாக்டரியில் கூலி. என் நைனா படுக்கையில். எங்களுக்குத் தோப்பு இல்லை. தணிகாசலம் சாரின் காரில் ஒரு கோளாறும் இல்லை. நான் வந்து சேரும்வரை அது நின்றது, அவ்வளவுதான். என் தலை குனியக் கூடாது என்று அவர் தன்னைக் கேலிப்பொருளாக்கிக்கொண்டு நின்றார்.

கூட்டம் முடிந்த அன்று வீட்டுக்குப் போய் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முனையில் நின்றது, சுவிட்ச், காணிப்பாக்கம், நான் மேடையில் சொன்ன ஜோக், எதையும் விடவில்லை. அவருக்குப் பேச்சு குழறும். ஒரு வார்த்தை வர நேரமாகும். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. இடது கையால் என் கையைத் தட்டிக் கேட்டார்: "அவ்ளோ காலைல... அவரு துன்னுட்டு வந்தாராமா?"

எனக்குத் தெரியவில்லை. நைனாவுக்கு வயிறு நிறையட்டும் என்று தினமும் நடுத்தெருவில் நின்ற மனிதரிடம், சாப்பிட்டீர்களா சார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கஸ்தூரி அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டால் சொல்வார். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டு இன்னும் கேட்கவில்லை. அவருடைய கணக்கை, அவருடைய சிரிப்பை, அவர் கொடுத்த தைரியத்தை என்று ஆளுக்கொன்று நீங்கள் வைத்திருப்பீர்கள். அவர் நினைவாக என்னிடம் இருப்பது நைனா கேட்ட இந்தக் கேள்விதான்.